நான் செய்து கொடுத்த குளிர்காலம்

எங்கள் கரையில் யாரும் என்னிடம் குளிரைக் குறைத்துக் கேட்டதில்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில், மதுரங்குளிச் சந்தியில் ஃபிரிஜ்ஜும் ஏசியும் திருத்தும் கடை போட்டு இருபது வருடத்துக்கு மேலாகிறது. மீன்காரர், இறால்காரர், ஐஸ் பக்கற் விற்கிறவர், தயிர்ச்சட்டி அடுக்குகிறவர், எல்லாருடைய முறைப்பாடும் ஒன்றுதான்: கூல் பத்தாது. ஐஸ் கட்டினால் நான் நல்ல மெக்கானிக். கட்டாவிட்டால் என் வாப்பா வரைக்கும் இழுத்துப் பேசுவார்கள். ஆகவே ஒரு பெட்டியைத் திருத்தி முடித்ததும் குளிரைக் கூட்டுகிற அதன் திருகியைக் கடைசி வரை முறுக்கிவிடுவது என் கைக்குப் பழக்கமாகிவிட்டது. மூளையைக் கேட்டு அந்தக் கை அதைச் செய்வதில்லை. என் மூளையைக் கேட்டு என் உடம்பில் எதுவுமே நடப்பதில்லை என்பது என் மனைவியின் கருத்து.

டீச்சர் முதன்முதலில் கடைக்கு வந்தது தண்ணீர் கேட்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். இரண்டு பிளாஸ்டிக் கானைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை எங்கே பிடிக்கலாம் என்று கேட்டார். குடிக்கவா என்றேன். செடிக்கு என்றார். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் எவ்வளவு என்பதை யார் வீட்டுக் கேத்தலின் அடியைப் பார்த்தாலும் தெரியும். அந்தத் தண்ணீரை ஊற்றினால் அவருடைய செடிகள் செத்துவிடுமாம். மழைத் தண்ணீர் வேண்டும், அது இல்லாத மாதங்களில் ஏசித் தண்ணீர். நான் ஏசி பூட்டிக் கொடுத்த மருந்துக்கடையின் பின்பக்கக் குழாயைக் காட்டிவிட்டேன். இந்த ஊரில் மனிதருக்கே நல்ல தண்ணீர் இல்லை, இவர் செடிக்குத் தேடுகிறாரே என்று அன்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

பிறகு ஒருநாள் அவருடைய வீட்டு ஃபிரிஜ்ஜைப் பார்க்கப் போனபோதுதான் அந்தச் செடிகளைக் கண்டேன். கிணற்றடி நிழலில் தட்டுகளில் தண்ணீர் நிறுத்தி, அதற்குள் சின்னச் சின்னச் சட்டிகள். ஒரு வகைக்கு இலை நுனியில் வாய் இருந்தது. ஓரமெல்லாம் பல். ஈ வந்து உட்கார்ந்தால் வாய் மூடிக்கொள்ளும். அதன் பெயர் டயோனியா என்றார் டீச்சர். நான் வாய்ச்செடி என்று வைத்துக்கொண்டேன். மற்ற வகை இன்னும் சின்னது. இலை முழுக்கச் சிவப்பு முடி, முடிக்கு முடி நுனியில் ஒரு துளி பசை. விடியற்காலைப் பனி மாதிரி மினுங்கும், ஆனால் மத்தியான வெயிலிலும் காயாது. கொசு பட்டால் ஒட்டிக்கொண்டு, இலை மெதுவாகச் சுருண்டு அதை மூடிவிடும். அது துரோசெரா. நான் பசைச்செடி என்றேன். டீச்சர் திருத்திப் பார்த்துக் களைத்துவிட்டார்.

எல்லாம் விதையிலிருந்து அவரே வளர்த்தவை. நாலு வருடம். விதையைக் கண்ணால் பார்க்கவே கண்ணாடி வேண்டும் என்றார். முதல் இரண்டு வருடம் நன்றாக வளர்ந்தன. மூன்றாம் வருடம் இலை சிறுத்தது. நாலாம் வருடம் வாய்கள் மிளகளவுக்கு வந்துவிட்டன. காரணம் அவருக்குத் தெரியும். இந்தச் செடிகளின் சொந்த ஊரில் குளிர்காலம் உண்டு. வருடத்தில் மூன்று மாதம் அவை உறங்க வேண்டும். இலை கறுத்து, வேர்த்தண்டு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். பசைச்செடியோ தன் இலைகளை எல்லாம் இறுக்கிச் சுருட்டி, பாசிப்பயறு அளவில் ஒரு மொட்டாகிவிடும். நம் நாட்டிலேயே முளைக்கிற பசைச்செடி வேறு வகை, அதற்கு உறக்கம் வேண்டாம். இவற்றுக்கு வேண்டும். புத்தளத்து வெயிலில் நாலு வருடம் கண் மூடாமல் நின்று நின்று அவை களைத்துப்போயிருந்தன.

“இந்த வருஷமும் உறங்கல்லண்டா அடுத்த வருஷம் செடி இல்ல நானா,” என்றார், எங்கள் ஊரில் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி.

மலைக் குளிருள்ள நுவரெலியாவில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்ப யோசித்திருந்தார். அந்த இடத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு என் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும்.

“நுவரெலியா எதுக்கு டீச்சர்? எத்தன டிகிரி, எத்தன மாசம், அத மட்டும் சொல்லுங்க. குளிர்காலத்த நான் மதுரங்குளியிலேயே செஞ்சு தாறன்.”

“அஞ்சு டிகிரி. மூணு மாசம். ஐஸ் மட்டும் கட்டப்படாது. அதுதான் முக்கியம்.”

“ஐஸ் கட்டாமப் பாக்கிறது லேசு டீச்சர். நான் திருத்தின எந்தப் பெட்டியிலயும் ஐஸ் கட்டாதெண்டுதானே ஊரே சொல்லுது.”

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பிக்கை என்று நான் எடுத்துக்கொண்டேன். அது நம்பிக்கையாகத்தான் இருந்தது என்பது பிறகு என்னைப் பல நாள் உறங்கவிடவில்லை.

கடையின் பின்னறையில், சோடாப் போத்தல் வைக்கிற கண்ணாடிக் கதவுப் பெட்டி ஒன்று நாலைந்து வருடமாகச் சும்மா கிடந்தது. கேஸ் போட்டேன். அதன் தெர்மோஸ்டாட் செத்திருந்ததால், ஒரு பழைய ஃபிரீசரில் இருந்து ஒன்றைக் கழற்றிப் பூட்டினேன். மூன்று நாள் வெப்பமானி வைத்துப் பார்த்து, திருகி எந்த இடத்தில் நின்றால் ஐந்து பாகை நிற்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சிவப்பு நெயில் பொலிஷால் ஒரு கோடு போட்டேன். நெயில் பொலிஷ் மகளுடையது. கோடு மிக அழகாக இருந்தது. என்னைத் தவிர யார் பார்த்தாலும் விளங்கும்.

டிசம்பர் தொடக்கத்தில் டீச்சர் செடிகளைக் கொண்டுவந்தார். மண்ணைக் கழுவி, கறுத்த இலைகளை வெட்டி, ஈரப் பாசியில் சுற்றி, பையில் போட்டு இறுக்கியிருந்தார். வாய்ச்செடி பதினொன்று, மூன்று பைகளில். பசைச்செடி மொட்டு ஒன்பது, ஒரு சின்ன ஐஸ்கிரீம் கோப்பையில். வீட்டில் வகைக்கு ஒன்றாக இரண்டே இரண்டு சட்டிகளை மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று நிறுத்திக்கொண்டார். ஞாயிறு தோறும் வந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பார். பைகளைத் திறந்து மோந்து பார்த்து, மூடி வைப்பார். “நல்லா உறங்குது,” என்பார். எனக்கு அவை உறங்குகிற மாதிரியும் தெரியவில்லை, செத்த மாதிரியும் தெரியவில்லை. கறுத்த வேர்த்துண்டு, அவ்வளவுதான். கறிக்குப் போட்டிருந்தால் இஞ்சி என்று நினைத்திருப்பேன்.

தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்து கரண்ட் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு வந்தது, வந்தும் வோல்டேஜ் குறைவு. கடையில் அப்போது திருத்துவதற்கு வந்த பெட்டிகள் ஐந்து நின்றன. ஒவ்வொன்றின் கம்பிரஸரும் ஒழுங்காக ஸ்டார்ட் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி பெட்டியாகப் போய், காதை வைத்து, திருகியைக் கடைசி வரை முறுக்கினேன். அன்று மனைவியின் சொந்தத்தில் ஒரு கலியாண வீடு. சாறனை மாற்றிக்கொண்டு வரச் சொல்லி அவள் மூன்று தரம் போன் எடுத்துவிட்டாள். ஆறாவது பெட்டியையும் அதே கையால், அதே வேகத்தில் முறுக்கிவிட்டுக் கடையைப் பூட்டினேன். ஆறாவது பெட்டி எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கலியாண வீட்டில் பிரியாணி நன்றாக இருந்தது. இரண்டு தரம் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்து பின்னறைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு முழுக்க வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வோல்டேஜிலும் என்ன அழகாக ஐஸ் கட்டியிருக்கு, யாருக்கு வரும் இந்தக் கை என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும்.

கதவைத் திறந்து ஒரு பையைத் தொட்டேன். கல். மற்றதையும் தொட்டேன். அதுவும் கல். குளிர்த்தகட்டோடு ஒட்டியிருந்த பையை இழுக்க வரவில்லை. ஐஸ்கிரீம் கோப்பையைக் குலுக்கினேன். உள்ளே சல்லிக் கல் போட்ட மாதிரிச் சத்தம். வெப்பமானி சைபருக்குக் கீழே எங்கேயோ நின்றது. கண்ணாடி போட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

என் கை முதலில் செய்ய நினைத்தது பைகளை வெளியே எடுத்து வெயிலில் வைப்பதை. அந்த நேரம் உடப்பில் எனக்கு நீண்டகால வாடிக்கைக்காரரான சம்மாட்டி ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். இரண்டு படகும் ஒரு பெரிய மீன் ஃபிரீசரும் வைத்திருக்கிறவர். ஐஸ் பிடித்த மீனைச் சுடுதண்ணியில போட்டா சதை கூழ், மெள்ள மெள்ள விடணும் என்று ஒருதரம் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். செடியும் சதைதானே. திருகியைச் சிவப்புக் கோட்டுக்குக் கொண்டுவந்து, கதவை மூடி, முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு நாள் முழுக்க எடுத்தது. ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன், குத்பாப் பிரசங்கத்தில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை. பொறுப்பைப் பற்றி மௌலவி ஏதோ சொன்னார் போலிருந்தது. நல்ல காலம், கேட்கவில்லை.

சனிக்கிழமை பைகள் பழையபடி ஈரமாக, மென்மையாக, கறுப்பாக இருந்தன. அதில்தான் சிக்கல். ஐஸ் கட்டுவதற்கு முன்னும் அவை செத்தவை போலத்தான் இருந்தன, பிறகும் அப்படியேதான் இருந்தன. என் பிழை எங்கேயும் தெரியவில்லை. கொலை நடந்ததா இல்லையா என்று கொலைகாரனுக்கே தெரியாத ஒரு நிலை.

ஞாயிறு டீச்சர் வந்தார். பைகளைத் திறந்தார். நான் பக்கத்தில் ஒரு கம்பிரஸரைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அது ஏற்கனவே துடைத்த கம்பிரஸர்.

“வியாழன் கரண்ட் போச்சே நானா. ஒண்டும் நடக்கல்லையா?”

“ஒண்டும் இல்ல டீச்சர்.”

அந்த மூன்று சொல்லும் எவ்வளவு லேசாக வந்தன. ஒரு வாயில் இருபது பகிடி விட்டுப் பழகியவனுக்குப் பொய்யும் அதே வழியால்தான் வருகிறது. அடுத்த ஞாயிறும் வந்தார். ஒரு பையை மட்டும் இரண்டு தரம் மோந்து பார்த்து மூடினார். நான் அந்தக் கிழமை யாரோடும் பகிடி விடவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர் என் சுகத்தை விசாரித்தார்.

மூன்றாவது ஞாயிறு வந்தபோது டீச்சர் சந்தோசமாக இருந்தார், பைகளைத் திறக்காமல் கண்ணாடிக் கதவால் பார்த்ததோடு சரி. அவரோடு படிப்பிக்கிற ஒரு சிங்கள டீச்சருக்குப் பண்டாரவளைக்கு மாற்றம் கிடைத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் போகிறார். அந்த ஊர்க் குளிருக்கு இந்தச் செடிகள் நன்றாக வரும். ஆகவே வீட்டில் நிறுத்தியிருந்த இரண்டு சட்டிகளையும் எங்கள் டீச்சர் அவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கப் போகிறார்.

“இஞ்ச உள்ளதெல்லாம் நல்லாத்தானே இருக்கு. எனக்கு இது போதும்,” என்றார்.

அவர் போனபின் பெட்டி முன்னால் நின்றேன். உள்ளே இருப்பது பதினொன்றும் ஒன்பதுமா, அல்லது இருபது துண்டு குப்பையா? குப்பை என்றால், பண்டாரவளைக்குப் போகிற இரண்டு சட்டிதான் நாலு வருடத்தில் மிச்சம். அதையும் இந்தப் பெண் தன் கையாலேயே கொடுத்துவிடப் போகிறார், நான் “ஒண்டும் இல்ல” என்று சொன்னதை நம்பி. இப்போதே போன் எடுக்கலாம். எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒருநாள் இருக்கிறதே என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

திங்கள் இரவுச் சாப்பாட்டில் மனைவி பாண் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க பகிடி விட்டு மூணு கிழமை. யார் மௌத்து?”

சொன்னேன். நடுவில் சிரிப்பு வருகிற மாதிரிச் சொல்லப் பார்த்தேன், பிரியாணிக் கதையையும் சேர்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“டீச்சர் அந்த ரெண்டு சட்டியையும் குடுத்திட்டா, பிறகு நீங்க சொல்லி என்ன பிரயோசனம்?”

காலையில் முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றேன். காலையில் சம்மாட்டி போன் எடுத்தார்: ஃபிரீசர் நின்றுவிட்டது, உள்ளே இறால், உடனே வா. எனக்கு என்ன நிம்மதி தெரியுமா. கடமை கூப்பிடுகிறது, மனிதன் என்ன செய்வான். பஸ் ஒன்பது மணிக்கு. அதற்குள் வந்துவிடலாம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, வரமாட்டேன் என்று நன்றாகத் தெரிந்துகொண்டு, மோட்டார் சைக்கிளை உடப்புக்குத் திருப்பினேன்.

அங்கே பெரிய வேலை ஒன்றும் இல்லை. ரிலே எரிந்திருந்தது. மாற்றினேன். கம்பிரஸர் எடுத்தது. கை தானாகத் திருகிக்குப் போனது. கடைசி வரை முறுக்கப் போன இடத்தில் என் விரலைப் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். சம்மாட்டி பின்னால் நின்று, என்ன தம்பி, திருகிக்கு ஓதுறியா என்றார். நான் ஸ்பானர்களை அள்ளிப் பையில் போட்டேன். இன்னும் ஐஸ் கட்டவில்லை, கட்டாமல் போகவிடமாட்டேன் என்று அவர் ஏசத் தொடங்கினார். வழக்கம் அதுதான், ஐஸைக் காட்டாமல் இந்தக் கரையில் யாரும் வெளிக்கிட முடியாது. “கட்டும் சம்மாட்டி, நீங்களே முறுக்குங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். மணி எட்டு முப்பத்தைந்து.

முந்தலுக்கு வரும் வழியில் இரண்டு மாட்டுக் கூட்டம். பிரதான வீதியில் ஏறியபோது கொழும்புப் பக்கம் போகிற பஸ்கள் எதிரே வரத் தொடங்கின. ஒவ்வொன்றின் ஜன்னலிலும் ஒரு சிங்கள டீச்சரும் மடியில் இரண்டு சட்டியும் இருப்பதாகத் தெரிந்தது. ஒரு பஸ்ஸை மறிக்கக் கைகூடக் காட்டினேன். கண்டக்டர் சிங்களத்தில் என்னவோ சொன்னார், அதை எழுத முடியாது.

மதுரங்குளிச் சந்திக்கு வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறும் வாசலில் சிங்கள டீச்சர், கையில் பிஸ்கட் பெட்டி. பெட்டிக்கு மேலால் ஒரு சின்ன வாய் எட்டிப் பார்த்தது. எங்கள் டீச்சர் கீழே நின்று தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டிருந்தார். நான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினேனா விழுத்தினேனா என்று ஞாபகமில்லை. பிறகு பார்த்தபோது விழுந்து கிடந்தது.

“டீச்சர், குடுக்காதீங்க. பெட்டியில ஐஸ் கட்டிப்போச்சு.”

“இப்பவா?”

“மூணு கிழமைக்கு முந்தி.”

கண்டக்டர் ஏறச் சொல்லித் தகரத்தில் தட்டினார். டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார். மாலை ஐந்திலிருந்து காலை எட்டு வரை. எல்லாம் கல்லாகவா? எல்லாம். எப்படி இளக்கினீர்கள்? பெட்டிக்குள்ளேயே, மெதுவாக. அதற்கு மட்டும் தலையை ஆட்டினார். சோதனை மண்டபத்தில் நிற்கிற பிள்ளை மாதிரி நான் பதில் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் யாருக்கோ சுகமில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அவர் சிங்கள டீச்சரின் பக்கம் திரும்பி, இரு பாஷையும் கலந்து ஏதோ சொன்னார். அந்த டீச்சர் பிஸ்கட் பெட்டியைத் திருப்பி நீட்டினார். எங்கள் டீச்சர் வாங்கவில்லை. அதன் மேல் கையை வைத்து, அந்தப் பெண்ணுக்கும் விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

“இது அன்பளிப்பு இல்ல. அமானிதம். என்ட செடி, உங்கட கையில இருக்கு. கேட்டாத் தரணும்.”

அமானிதம் என்ற சொல் அவருக்கு விளங்கியதோ தெரியாது, முகம் விளங்கியது. தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது. இந்த வெயிலுக்குள் அந்த இரண்டையும் திரும்பக் கொண்டுபோவதைவிட அங்கே அவை உயிரோடு இருக்க வழி அதிகம் என்று டீச்சர் கணக்குப் போட்டிருந்தார். நான் ஓடி வந்ததற்கு ஏதாவது நல்ல வார்த்தை கிடைக்கும் என்று நின்றேன்.

“அண்டைக்கே ஏன் சொல்லல்ல நானா?”

“ஏசுவீங்க எண்டு.”

“ஏசியிருப்பன்தான். பிறகு செத்ததப் பிரிச்சு, மிச்சத்துக்கு மருந்து போட்டிருப்பன். அழுகல் ஒண்டிலிருந்து மத்ததுக்குப் போகும். மூணு கிழமை அதுகள ஒரே பைக்குள்ள போட்டு வச்சிருக்கிறீங்க.”

ஐஸ் ஒரு ராத்திரிப் பிழை. அதைக் கையின் மேல் போட்டுவிடலாம். மூன்று கிழமை என் வாயுடைய வேலை. இதற்குப் பகிடி ஏதாவது இருக்கிறதா என்று உள்ளே தேடினேன். பெட்டி காலி.

பள்ளிக்கூடத்துக்குப் போன் எடுத்து இன்னும் இரண்டு பாடம் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு, டீச்சர் நேரே கடைக்கு வந்தார். கையைக் கழுவச் சொன்னார், என் கையை. மேசையில் பேப்பரை விரித்து, பைகளை வரிசையாக வைத்தார்.

“விரலால அமத்துங்க. நீங்களே. கெட்டியா இருந்தா உயிர் இருக்கு. கூழாப் போனா இல்ல.”

தகட்டோடு ஒட்டியிருந்த பையை முதலில் திறந்தேன். மணம் வந்தவுடனேயே தெரிந்துவிட்டது. நாலு வாய்ச்செடி. முதலாவதை அமத்தினேன், விரல் உள்ளே போனது. இரண்டாவது, மூன்றாவது, அப்படியே. நாலாவது கொஞ்சம் பெரியது. டீச்சர் அதைக் கண்டதும் ஒரு அடி முன்னால் வந்தார். முதல் வருடம் முளைத்ததில் முதல் செடி அது என்று பிறகு அறிந்தேன். அமத்தினேன். தோல் கழன்று பேப்பரில் விழுந்தது.

டீச்சர் அதைப் பேப்பரின் ஓரத்துக்கு நகர்த்தினார். அடுத்த பையை என் பக்கம் தள்ளினார்.

நடுவில் கிடந்த பையில் நாலு. ஒன்று கெட்டி, சின்ன வெங்காயம் மாதிரி. எனக்கு மூச்சு வந்தது. மற்ற மூன்றும் ஒரு பக்கம் கெட்டி, மறுபக்கம் கூழ். டீச்சர் பிளேடை எடுத்து, அழுகலை வெட்டி, வெள்ளைச் சதை வரும்வரை சீவினார். விரல் நகத்தளவு மிஞ்சியது. இதுகளை ஐஸ் கொல்லவில்லை, ஒன்றில் பிடித்த அழுகல் மூன்று கிழமையில் மற்றதுக்குப் பரவியது என்றார். குரலில் ஏச்சு இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். படிப்பிக்கிற குரலில் சொன்னார். கதவோரம் இருந்த மூன்றாவது பையில் மூன்றும் கெட்டி.

ஐஸ்கிரீம் கோப்பையைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாசிப்பயறு அளவு மொட்டுகள், அன்று சல்லி மாதிரிச் சத்தம் போட்டவை. பெரிய செடிக்கே இந்த நிலை என்றால் இவற்றுக்கு என்ன என்று நினைத்தேன். நகத்தால் மெதுவாக அமத்தினேன். கெட்டி. அடுத்தது கெட்டி. இரண்டு மட்டும் நசுங்கின. ஏழு நின்றன. இதுகள்ட ஊரில மாசக்கணக்கா ஐஸ் கட்டும் நானா, பெரிசுட ஊர் வேற, அங்க இவ்வளவு குளிர் இல்ல என்றார் டீச்சர். அவர் தோள் கொஞ்சம் இறங்கியதை அன்று முதன்முதலாகக் கண்டேன்.

பதினொன்றில் நாலு வாய்ச்செடியும், ஏழு மொட்டும். வெட்டிய துண்டு மூன்று, அவை கணக்கில் இல்லை. நல்லவற்றைத் தன் பையில் எடுத்துக்கொண்டார். வீட்டு ஃபிரிஜ்ஜில் மரக்கறித் தட்டில் வைத்துக்கொள்வாராம். வெட்டிய மூன்றையும் ஒரு சட்டியில் பாசிக்குள் செருகி என் மேசையில் வைத்தார்.

“இது உங்கட கையில. பிழைச்சாச் சொல்லுங்க. மௌத்தானாலும் சொல்லுங்க. அண்டைக்கே.”

நோன்பு தொடங்கியது. மருந்துக்கடைக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்து சட்டிக்கு ஊற்றுவதுதான் ஸஹர் சாப்பாட்டுக்குப் பிறகு என் முதல் வேலை. ஐந்தாம் நாள் ஒரு துண்டு கறுத்துக் கரைந்தது. விடியற்காலை ஆறு மணிக்கு டீச்சருக்குப் போன் எடுத்தேன். ஸஹர் முடிந்து கண் அயர்ந்திருக்கிறார், பாவம். மௌத்து என்றேன். யார் என்று பதறினார். துண்டு என்றேன். பிறகு சரி என்றார். பதினொராம் நாள் இரண்டாவது. அன்றும் ஆறு மணி. நானா, ஏழு மணிக்குப் பிறகு சொன்னாலும் அது அண்டைக்கேதான் என்றார்.

தன் பக்கத்தை அவர் சொல்லவில்லை. நட்டுவிட்டார் என்று தெரியும். மொட்டுகள் விரிந்தனவா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை என்று நான் கேட்கவில்லை. சந்தியில் கண்டால் சலாம் சொல்வோம். அவ்வளவுதான்.

இருபதாம் நோன்பு, காலை ஆறேமுக்கால். கடைசித் துண்டின் ஓரத்தில் ஏதோ பச்சையாகத் தெரிந்தது. குண்டூசித் தலையில் பாதி. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். பச்சைதான். ஆனால் பூஞ்சையும் பச்சைதான், பாசியும் பச்சைதான், அந்த நேரம் என் முகமும் பச்சையாகத்தான் இருந்திருக்கும். ஏழு மணி அடிக்கக் காத்திருந்தேன். அடித்தது.

“டீச்சர், ஒண்டு பச்சையா இருக்கு. இலையா அழுகலா விளங்கல்ல.”

மறுபக்கம் ஏதோ வைக்கிற சத்தம் கேட்டது. உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது.

“மெள்ள ஊதிப் பாருங்க. பூஞ்சையெண்டாப் படுக்கும், பறக்கும். இலையெண்டா நிக்கும்.”

போனை மேசையில் வைத்தேன். குனிந்தேன். இருபது வருடமாகக் குழாய்களில் ஊதிப் பழகிய வாய், பலமாக ஊதிவிடுமோ என்று பயந்து உதட்டைக் கையால் பாதி மூடிக்கொண்டு ஊதினேன்.

“என்ன நானா? என்ன ஆச்சு?”

இன்னொரு தரம் ஊதினேன். நின்றது.

“நிக்குது டீச்சர்,” என்றேன்.

மறுபக்கம் கதிரை தள்ளுகிற சத்தம் கேட்டது. பிறகு, “என்ட பக்கத்திலயும் நாலு மொட்டு விரிஞ்சிருக்கு,” என்றார். “பள்ளிக்கூடம் விட்டு வாறன். அதுக்குள்ள அதத் தொட்டிராதீங்க.”

அன்று மாலை அவர் வரும்வரை இரண்டு கையையும் சாறனுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.